விளாவிய தண்ணீர்

பாத்திரத்து மூடி தடதடவென்று ஆடும் சத்தம் எங்கே கேட்டாலும் என் கை ஒரு கணம் நின்றுவிடும். மூன்று வருடங்களுக்கு முந்தைய கோடையும், பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தும் அந்தச் சத்தத்தோடு வந்து நிற்கும்.

அப்போது தெருவில் எங்கோ குழாய் உடைந்து, குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது. என் மனைவிக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. ஏற்கெனவே சர்க்கரை வேறு. இரண்டாம் முறை குளுக்கோஸ் ஏற்றி அனுப்பும்போதே டாக்டர் சொல்லிவிட்டார், இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது, தண்ணீரைக் காய்ச்சியே கொடுங்கள் என்று.

மூன்றாம் முறை வரவிடக் கூடாது. அடுப்படியை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். காலை, மதியம், அந்தி. குமிழி எழும், தண்ணீர் புரளும், மூடி தடதடக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன்.

"தண்ணி காச்சறதுக்கே இப்படி வேர்க்குதே, உங்களச் சோறாக்கச் சொன்னா என்னாகறதுங்க?" என்பாள் மனைவி, கட்டிலில் படுத்தபடி. கிண்டலடிக்கிற தெம்பாவது வந்ததே என்று இருக்கும் எனக்கு.

பத்தாம் நாள் அவளுக்கு மறுபடியும் வயிறு கலங்கியது. லேசாகத்தான். ஆனாலும் எங்கே தவறவிட்டேன்?

அன்று காலை தண்ணீர்த் தொட்டிகளில் மருந்து போட ஒரு சுகாதாரப் பணியாளர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே எங்கள் பக்கத்து வழக்கம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதைச் சொம்பில் ஊற்றினேன். ஆவி பறந்தது. குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு விளாவி, குடிக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் வாங்கினார். குடிக்கவில்லை.

"ஏனுங்ண்ணா, இப்ப என்ன ஊத்துனீங்க?"

"சுடுமேன்னு வெளாவினேனுங்க அம்மணி."

"அந்தக் கொடத்துத் தண்ணி காச்சுனதுங்களா?"

"இல்லீங்க, கொழாயில புடிச்சது."

"உள்ள படுத்திருக்கற அக்காவுக்கும் இப்படித்தான் வெளாவித் தர்றீங்களா?"

குடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து குளிக்கிற தண்ணீரை விளாவிப் பழகிய கை, குடிக்கிற தண்ணீரையும் தன்போக்கில் விளாவியிருக்கிறது. பத்து நாளும் நின்று நின்று காய்ச்சி, கடைசி நொடியில் நானே கெடுத்திருக்கிறேன்.

"அவரச் சொல்லாதீங்க அம்மணி" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "சூடா இருந்தா நான்தான் குடிக்க மாட்டேன்னு அடம் புடிச்சது."

அவர் சொம்பை வாசலில் கவிழ்த்தார். குடத்தையும் என்னைக் கொண்டே காலி செய்யவைத்தார். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிட வேண்டும், கைவிட்டு மொள்ளாமல் குழாய் வைத்த டிரம்மில் ஊற்றிவைக்க வேண்டும், மனைவியை அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். காட்டினோம். மாத்திரையோடு நின்றது. அதன்பின் அவளுக்கு அந்தத் தொல்லை வரவே இல்லை.

இன்றும் நான்தான் காய்ச்சுகிறேன். அக்கறையோடு செய்கிறோம் என்ற நினைப்பே நம் கையைக் கவனிக்கவிடாமல் செய்துவிடும் என்பதை, ஒவ்வொரு முறை அடுப்பை அணைக்கும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று நான் வெட்கத்தில் தலைகுனிந்து நிற்க, படியிறங்கிப்போன அந்தப் பெண் திரும்பிச் சொன்னதும் கூடவே கேட்கும்:

"புதுசாக் காச்சி ஆற வெய்ங்ண்ணா. இன்னும் ரண்டு தெரு இருக்குது, முடிச்சுப்போட்டு வந்து உங்க ஊட்லதான் தண்ணி குடிப்பேன். வாரேனுங்க."