சுத்தக்காரரின் மகளுக்குச் சளி

என் கணவர் எச்சில் பார்க்கிறவர். தண்ணீர் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடிப்பார். நான் வாய் வைத்துக் குடித்த டம்ளரை, நான் கழுவி வைத்த பிறகும் இன்னொரு முறை கழுவுவார். கல்யாணமான புதிதில், கடித்த மாம்பழத் துண்டை ஆசையாக அவரிடம் நீட்டினேன். வாங்கித் தட்டில் வைத்தார். அது அங்கேயே கிடந்து கறுத்தது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

இப்படிப்பட்டவரின் மகளுக்கு, பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் சளி பிடித்தது. அந்த ஜூலையில், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற எங்கள் ஆஸ்டின் டவுனில் வெயில் தலைகாட்டவே இல்லை. முதலில் எனக்குத்தான் வந்தது, என்னிடமிருந்து அவளுக்கு. சுண்டுவிரல் நுனியளவு மூக்கு, அதற்குள் எங்கிருந்துதான் அவ்வளவு சளி வந்ததோ! காய்ச்சல் இல்லை. ஆனால் மூக்கடைத்தால் பச்சைக்குழந்தை எப்படிப் பால் குடிக்கும்? இரண்டு இழுப்பு இழுப்பாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அலறுவாள். பசி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். முகம் தக்காளியாகச் சிவந்துவிடும்.

டாக்டர் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தும், சளியை உறிஞ்சி எடுக்க ஒரு குழாயும் எழுதிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் ஒழுங்காகப் பால் குடிக்காவிட்டால் அட்மிட் செய்ய வேண்டியிருக்கும் என்றார். அதைக் கேட்டதிலிருந்து நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, குழாயின் ஒரு முனையைக் குழந்தையின் மூக்கில் வைத்து, மறுமுனையை நாம் வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும் என்று. நடுவில் பஞ்சு இருப்பதால் சளி வாய்க்கு வராது. எனக்குச் சளி இருந்ததால் குழந்தையின் பக்கத்தில் மாஸ்க்கைக் கழற்றவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. ஆக, மிச்சமிருந்தது என் கணவரின் வாய்தான். அவர் பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்த காகிதத்தை ஆங்கிலத்தில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை படித்தார். பிறகு, கையால் அமுக்குகிற மாதிரி ஏதாவது கடையில் கிடைக்குமா என்று பார்த்து வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினார்.

அலறல் கேட்டுக் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்தார். எங்கள் வீட்டுக்காரம்மா, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் குழாயைப் பார்த்துச் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.

"இதுக்குப் போயி ட்யூப்பா? என் பசங்க மூணு பேருக்கும் நான் வாய வச்சுதான் உறிஞ்சுனேன். குடும்மா, ஸ்வல்ப, கொஞ்சூண்டு எடுத்து உடறேன்."

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு காலில் செருப்போடு உள்ளே ஓடி வந்தார்.

"வேணாம் ஆன்ட்டி, நானே பண்றேன்."

குழாயை வாயில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உறிஞ்சினார். வந்தது. அவருக்குக் குமட்டியது எனக்கே கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை, அடுத்த பக்கத்தையும் உறிஞ்சி எடுத்தார்.

மகளை மார்போடு அணைத்தேன். வாய் வைத்தாள், இழுத்தாள், விடவில்லை. மடக் மடக்கென்று அவள் விழுங்குகிற சத்தத்தைக் கேட்டபடி நான் மாஸ்க்குக்குள் அழுதேன். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் வேலை முடிந்துவிட்ட மாதிரி கீழே போனார்.

என் கணவர் வாய் கொப்பளிக்க ஓடுவார் என்றுதான் நினைத்தேன். அசையாமல் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே கையை நீட்டி, ஜன்னலில் நான் பாதி குடித்து வைத்திருந்த காபியை எடுத்துக் குடித்தார். அண்ணாந்து இல்லை, வாய் வைத்து.

அட்மிட் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த வாரமே அவர் அடுக்கடுக்காகத் தும்ம ஆரம்பித்தார். ஆபீஸ் போனில் கேட்டவர்களுக்கெல்லாம், மகள் கொடுத்தது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெருமையடித்தார். அது என் டம்ளரிலிருந்தும் வந்திருக்கலாம் என்று நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை. சொன்னால் மறுபடியும் அண்ணாந்து குடிக்க ஆரம்பித்துவிடுவார்.