பிளாக் எழுதிய வக்கீல்

2006-ல் பெரம்பலூரில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். கோர்ட் முடிந்ததும் ஒரு வக்கீல் வருவார். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார், கண்களைத் தேய்த்துக்கொள்வார், பிறகு ஒற்றை விரலால் இணையத்தில் இருக்கும் தன் பிளாக்கில் தமிழில் தட்டுவார். சட்டம் தெரியாதவர்களுக்காக எழுதுவது. படித்ததாக யாரும் ஒரு வரி போட்டதில்லை. அவரிடம் கேஸ்களும் அதிகம் வருவதில்லை.

"உங்க போன் நம்பரப் போடுங்க சார், கட்சிக்காரங்க வருவாங்க" என்றேன் ஒருநாள்.

"வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுங்க. கோர்ட்ல வாய்தா வாங்கியே நாள் போயிடுது. இங்கயாச்சும் ஒரு விஷயத்த முழுசா சொல்லி முடிக்கிறேன்."

ஒரு சாயங்காலம் தா.பழூரிலிருந்து ஒரு பெண், கோர்ட்டில் விசாரித்துக்கொண்டு அவரைத் தேடி என் சென்டருக்கே வந்தார். அப்பா நிலத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று வக்கீல் எழுதியதை, துபாயில் இருக்கும் அவர் கணவர் படித்துவிட்டுப் போனில் சொல்லியிருக்கிறார்.

"பங்கு வேணாம்னு நாளைக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க எங்க அண்ணனுங்க. நீங்கதான் சார் கேஸ் போடணும்."

"கேஸ் இப்ப வேணாம்மா, வருஷக்கணக்கா இழுக்கும். நீங்க கையெழுத்துப் போடாதீங்க. இப்போதைக்கு அது போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. தைரியமா போங்க."

அந்தப் பெண் கண்களைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

"தேடி வந்த கேஸத் திருப்பி அனுப்பிட்டீங்களே சார்" என்றேன்.

"எழுதுனதுலயே அவங்க வேல முடிஞ்சிடுச்சே" என்றவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார். வந்த ஒரு கேஸையும் விட்டுவிட்டு அவரால் எப்படி அவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.