கயிற்றைப் பிடித்தவர்

ரங்கசாமி அண்ணன் இறந்துபோன செய்தி, நான் காலையில் குடோன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது போனில் வந்தது. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டதாம். சொன்ன பையன் அழுதான். "நேத்துச் சாயங்காலம்கூட எங்கிட்டத் திட்டு வாங்கிட்டுப் போன மனுசனுங்க" என்று சொல்லிவிட்டு, பாதி தூக்கின ஷட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு போனில் நம் நாய்க்குட்டி வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். பூவும் மெழுகுவர்த்தியும் கும்பிடுகிற கையுமாக வந்து குவிந்திருந்தது. ஒருவர் அண்ணன் பக்கத்தில் தன் நாய் நிற்கிற போட்டோவைப் போட்டு "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார். அதில் அண்ணனுக்குப் பாதித் தலை வெட்டுப்பட்டிருந்தது. நாய் முழுசாக இருந்தது. அவருக்கு எது முக்கியமோ அது முழுசாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு நானும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றீர்கள். அண்ணன் தெய்வம், பொறுமையின் சிகரம் என்று சொல்ல நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். நான் பனியன் வேஸ்ட் வாங்கி விற்கிறவள். மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கினதைப் பொறுக்குவதுதான் தொழில். அதனால் நீங்கள் சொல்லாமல் ஒதுக்கினதை நான் சொல்கிறேன்.

முதலில் அவர் பொறுமைசாலியே இல்லை. குட்டியிடம்தான் பொறுமை. முதலிபாளையத்தில் அவருடைய நிட்டிங் கம்பெனிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் சாயங்காலமானால், அவரிடம் குட்டியைப் பழக்க நீங்கள் காரை வரிசையாக நிறுத்துவீர்கள். கதவைத் திறந்து குட்டியை இறக்குவதற்கு டிரைவர். கயிற்றைப் பிடிப்பதற்கு டிரைவர். நீங்கள் இறங்கி போட்டோ எடுப்பீர்கள். அண்ணன் குட்டியைப் பார்த்து, "வாங்க சாமி, வாங்க, பயப்படாம வாங்க" என்பார். உங்களைப் பார்த்து, "நீ என்னத்துக்கு வந்த? டிரைவரே கத்துக்கட்டும், நாய் அவம்பேச்சையாவது கேக்கும்" என்பார். அதையும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டீர்கள். வெளிநாட்டு நாய் வைத்திருக்கிறவர்களைத் திட்டுகிற ஆள் பெரிய மாஸ்டராகத்தான் இருப்பார் என்று நினைத்தீர்களோ என்னவோ.

அந்த இடத்தில் இருந்த சாமான் முக்கால்வாசி என் குடோனிலிருந்து போனது. வட்ட மெஷினில் துணி குழாயாகத்தானே இறங்கும். ஓட்டை விழுந்து கழித்த துணியை வெட்டாமல் நீளமாக வாங்கிப் போய், வளையம் வைத்து விரித்துவிடுவார். குட்டி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரவேண்டும். "ஏனுங்ணா, இந்தப் பனியன் யாரு சைஸுக்குங்க?" என்று கேட்பேன். "உன்ற வாய் சைஸுக்கு" என்பார். நூல் தீர்ந்த கோன்களை நட்டு வைத்து, குட்டியை வளைந்து வளைந்து நடக்க விடுவார். துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய்தான் தாண்டுகிற குச்சி. அது மட்டும் எப்போதும் தரையிலேயே கிடக்கும்.

அந்தக் குழாயை மேலே ஏற்றச் சொல்லி நீங்கள் கேட்காத நாள் இல்லை. மூன்று மாதக் குட்டியைக் கொண்டுவந்து, "எப்பங்ணா மெடல் வாங்கும்?" என்று கேட்ட புண்ணியவான் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எலும்பு முத்தற வரைக்கும் குச்சி தரையை விட்டு எந்திரிக்கக் கூடாது. குட்டிக்கு அவசரமில்ல. உனக்குத்தான் அவசரம். சரக்கெடுக்கற பையர் வர்ற அன்னிக்கு மட்டும் கூட்டிப் பெருக்கற கம்பெனியாட்ட நாயை வளக்காத."

குட்டி துள்ளிக்கொண்டு இருக்கும்போதே விளையாட்டை நிறுத்திவிடுவார். "இன்னும் வேணும்னு அது கேக்கறப்பவே நிறுத்தோணும். சலிச்சதுக்கப்புறம் நிறுத்துனா நாளைக்கு வராது." குட்டி ஏதாவது தப்புச் செய்தால் அதை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கயிற்றைப் பிடித்திருக்கிறவரிடம் திரும்புவார். "நாய் தப்புப் பண்ணுனா கயித்தப் புடிச்சவனப் பாரு." இதை நீங்கள் ப்ளெக்ஸில் போட்டிருக்கிறீர்கள். கொட்டை எழுத்தில். பக்கத்தில் உங்கள் படங்கள்.

பேச்செல்லாம் சரி. இனிமேல் அந்த ப்ளெக்ஸில் இல்லாததைச் சொல்கிறேன்.

அண்ணனுடைய மெஷின்கள் ஓடுவதற்கு நூல் அனுப்பியது ஒரே ஒரு எக்ஸ்போர்ட்காரர். பேர் சொல்ல மாட்டேன். அவர் புது பங்களா கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். அவருடைய லேப்ரடார் குட்டிக்கு அப்போது ஐந்து மாதம் இருக்கும். பிரின்ஸ் என்று பேர். தரை துடைக்க வேஸ்ட் துணி கேட்டிருந்தார்கள், நான் மூட்டையோடு போயிருந்தேன். விருந்தாளிகள் நிற்க, அண்ணனும் குட்டியும் நடுக் கூடத்தில் இருந்தார்கள். கோனைச் சுற்றி வந்தது, துணிக் குழாயில் நுழைந்து வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். எக்ஸ்போர்ட்காரருக்குப் போதவில்லை.

"அண்ணா, குச்சியை மேல ஏத்துங்க. கெஸ்ட்டெல்லாம் பாக்கோணும்ல."

"குட்டிங்க. இன்னும் எலும்பு..."

"ஒரே ஒரு தடவைங்க. அடுத்த வாரம் நூல் லோடு வேற பேசோணும், மதியம் சாப்பிட்டுட்டு இருங்க."

எங்களையெல்லாம் நாய்க்குப் பயந்தவன், ஆளுக்குப் பயந்தவன் என்று ரகம் பிரித்துக் கேலி பேசுகிற மனுஷன், அந்த இடத்தில் தலையை ஆட்டினார். இரண்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு அட்டைக் குழாயை மேலே வைத்தார். குனிந்து, "வாங்க சாமி" என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் அது கிணற்றுக்குள்ளேயும் குதிக்கும். தாண்டியது. இறங்கின இடம் பாலீஷ் போட்ட கிரானைட். முன்னங்கால் வழுக்கி மடங்கின சத்தம் என் மூட்டைக்குப் பக்கம் வரைக்கும் கேட்டது. வாலாட்டினது அன்றைக்குக் குட்டி இல்லை. இதை அவர் உயிரோடு இருக்கும்போதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போது சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

வளர்கிற எலும்பின் முனையே நசுங்கிவிட்டது, இந்தக் கால் இனிமேல் கோணலாகத்தான் வளரும் என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்போர்ட்காரர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "செகண்ட்ஸ் ஆயிருச்சுங்க. வேற எடுத்துக்கலாம்" என்றார். தையல் கோணின பனியனைச் சொல்வதுபோல.

"செகண்ட்ஸ்னா எனக்குத்தானுங்க போடோணும்" என்று நான் குட்டியைத் துணி மூட்டை மேலே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிரின்ஸ் என்கிற பேரை அங்கேயே விட்டுவிட்டேன். எங்கள் ஊட்டில் அதன் பேர் மணி.

மணியின் கால்கட்டு அவிழ்த்த பிறகு ஒரு சாயங்காலம் அண்ணன் என் குடோன் வாசலுக்கு வந்து நின்றார். கையில் அந்த அட்டைக் குழாய். உள்ளே வரவில்லை.

"என்னுங்ணா, ஸ்டூலு கொண்டாரலீங்களா?" என்றேன்.

குழாயைத் தரையில் போட்டார். மணி அவரைப் பார்த்ததும் மூன்று காலில் ஓடி வந்து அவர் கையை நக்கியது. நாய்க்கு ரோஷம் கிடையாது, அதனால்தான் மனிதர்கள் அதை வளர்க்கிறார்கள். அதைக் குழாய்க்கு முன்னால் நிறுத்தி, ஒரு காலை மெல்ல எடுத்து அந்தப் பக்கம் வைக்கச் செய்தார். பிறகு கோணல் கால். பிறகு பின்னங்கால். தாண்டக் கூடாது, நடந்து கடக்க வேண்டும். நாலு காலும் கடந்ததும் உட்கார வேண்டும். அவர், "போதுங்க சாமி" என்பார். அதோடு சரி.

அன்றிலிருந்து தினமும் வந்தார். நானும் தினமும் கேட்டேன்.

"ஏனுங்ணா, நாய் தப்புப் பண்ணுனா யாரைப் பாக்கோணும்?"

"கயித்தப் புடிச்சவன."

"அன்னிக்குக் கயிறு யாரு கையிலீங்க இருந்துச்சு?"

"எங்கையிலதான்."

ஆரம்பத்தில் தரையைப் பார்த்துச் சொல்வார். போகப் போக, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "எங்கையிலதான், எங்கையிலதான், டீயப் போடு" என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் விட்டிருக்கலாம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நான் விடவில்லை. விட்டால் அவர் வந்திருக்க மாட்டார்.

அந்த எக்ஸ்போர்ட்காரரிடம் நூல் வாங்குவதை நிறுத்தினாரா என்றால் இல்லை. வீரம் எல்லாம் அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு குச்சியை ஏற்றச் சொல்லி யார் கேட்டாலும், "வேஸ்ட் குடோன்ல ஒரு நாய் இருக்குது. போயி அதுங்காலப் பாத்துட்டு வா. அது நாம் பண்ணுனது" என்பார். அப்படி அனுப்பப்பட்டு வந்தவர்கள் உங்களில் பலர். மணியைப் பார்த்து "பாவம்" என்றீர்கள். ஒருவர்கூட அதற்குக் குனிந்து ஒரு பிஸ்கட் போட்டதில்லை.

சாவு வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மணியையும் கூட்டிப் போயிருந்தேன். பாடை கட்டுகிற மூங்கில் ஒன்று வாசலில் குறுக்கே கிடந்தது. அண்ணனை உள்ளே நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். மணி மூங்கிலுக்கு முன்னால் போய் நின்றது. ஒரு காலை மெல்ல எடுத்து வைத்தது. பிறகு கோணல் கால். பிறகு பின்னங்கால்கள். கடந்ததும் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. யாரோ "நாயை வெளிய முடுக்குங்கப்பா" என்றார்கள். அது நகரவில்லை.

பெரிய ரோஜா மாலையோடு எக்ஸ்போர்ட்காரர் வந்தார். செருப்பைக் கழற்றப் போனவர் மணியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அருமையாப் பழக்கியிருக்கறீங்களே. நல்ல ஜாதி. கால்தான் என்னமோ ஆயிருக்குது. எங்கீங்க எடுத்தீங்க?"

"உங்க ஊட்டுலதானுங்க."

அவருக்கு ஞாபகம் வரவில்லை. "அப்படீங்களா" என்று சிரித்துவிட்டு மாலை போடப் போய்விட்டார். அவர் வீட்டில் இப்போது இருப்பது அதற்குப் பிறகு வந்த எத்தனையாவது குட்டியோ.

நான் குனிந்து மணியின் காதருகில், "போதுங்க சாமி" என்றேன். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது. பிறகுதான் எழுந்தது.

அண்ணன் பேரில் தாண்டுகிற போட்டி வைத்துக் கோப்பை கொடுக்கப் போகிறீர்களாம். முதல் குச்சியாக அந்த அட்டைக் குழாயை வைக்க வேண்டும், கொடுங்கள் என்று ஆள் அனுப்பினீர்கள். தர முடியாது. அது என் குடோன் வாசலில் தரையில் கிடக்கிறது, அங்கேயேதான் கிடக்கும். குட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வரலாம், டிரைவரை அனுப்ப வேண்டாம். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சினது அந்தக் குழாயும் மணியின் கயிறும்தான். சாயங்காலம் அந்தக் கயிற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம், கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டாலும், "எங்கையிலதான்" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.