பதினைந்து குதிரை

அண்ணி ஒரு படகு இன்ஜினை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு படி ஏறியதை இன்றைக்கும் என்னால் அச்சுப் பிசகாமல் சொல்ல முடியும். ஹட்டனில், பழைய இயந்திரங்கள் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை. மெயின் ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி இறங்கினால் கடையின் பின்முற்றம். அங்கே ஒரு நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார். நீர்கொழும்புப் பக்கமிருந்து லொறியில் வரும் பழைய படகு இன்ஜின்களை அந்தப் பீப்பாயில் மாட்டி ஓட்டிக் காட்டுவார். அன்றைக்கு இரண்டு இன்ஜின்கள் இருந்தன. ஒன்று ஐந்து குதிரைச் சக்தி, மற்றது பதினைந்து. நான் இரண்டையும் இயக்கிச் சத்தம் கேட்டேன், பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தேன். அண்ணி எதையும் முகரவில்லை. ஒரு சாக்கும் கயிறும் கேட்டார். சின்ன இன்ஜினைச் சாக்கில் சுற்றி, கயிற்றைக் கட்டி, சேலைத் தலைப்பை மடித்து உச்சந்தலையில் வைத்து, கொழுந்துக் கூடையை மாட்டுவதைப் போலவே கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு ரோடு வரைக்கும் ஏறிப் போய்த் திரும்பி வந்தார்.

அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார், வந்த களைப்புத் தீருமுன் போய்விடுவார். அண்ணி பதினொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒருநாள் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் தன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டு, தோட்டத்துக்குக் கீழே இருக்கிற நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க இறங்கிவிட்டார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் இதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. பொம்பளை படகு ஓட்டுவதா என்று கேட்டவர்களே பிறகு வாசலில் வந்து திலாப்பியா வாங்கிப் போனார்கள். மீனவர் சங்கத்தில் இருந்த ஒரே பெண் அவர்தான். அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய படகாவது தொடர்ந்து தண்ணீரில் இறங்காமல் கிடந்தால், அந்த இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவருடைய பழைய இன்ஜின் இறுகிப்போய் மூன்று வாரமாகிவிட்டது. துடுப்புப் போட்டுத் தூரத்து வலைகளுக்குப் போய் வர முடியாது. இன்னொரு இன்ஜின் கிடைக்காவிட்டால் மறுபடியும் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்து மீன்பிடியில் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் இருக்கிறது. தண்ணீர் கீழே, லயம் மேலே. இன்ஜினைக் கரையில் விட்டுவிட்டு வந்தால் காலையில் படகு இருக்கும், இன்ஜின் இருக்காது. ஆகவே ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றி, தேயிலை மலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் சுமந்து ஏற வேண்டும். மறுநாள் விடியும்போது சுமந்து இறங்க வேண்டும். எங்கள் ஊர் இன்ஜின்கள் எல்லாம் மனிதர்களோடு லயத்துக் காம்பராவில்தான் தூங்கும். கடலோரத்தில் வேகத்தைப் பார்த்து வாங்குவார்கள். இங்கே கனத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் நான் அப்போது ஆட்டோக்களையும் புல்வெட்டும் மெஷின்களையும் திருத்துகிற மெக்கானிக். இன்ஜின் விஷயத்தில் ஒரு பெண் சாக்கையும் கயிற்றையும் வைத்து முடிவெடுப்பது எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாக இருந்தது. இதை இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது பெரிய இன்ஜின். அண்ணி அதையும் சாக்கில் கட்டினார். எழுந்திருக்கும்போதே கழுத்து நரம்பு புடைத்தது. ஏழாவது படியில் நின்றார். கொஞ்ச நேரம் சுவரில் கை வைத்து நின்றுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதைப் போல மெதுவாகக் கீழே வைத்தார். சின்னதே போதும் என்றார்.

நான் விடவில்லை. மலையில் காற்று லேசு, இங்கே எந்த இன்ஜினும் கடலில் இழுக்கிற அளவுக்கு இழுக்காது என்றேன். ஐந்து குதிரை இங்கே நாலு குதிரைதான், தென்மேற்குக் காற்று வீசும்போது நடுத்தண்ணீரில் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள் என்றேன். சொன்னதில் பொய் இல்லை. நானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பெரியதை விற்றால்தான் லாபம். ஆனாலும் அவர் என் பக்கம் பேசவில்லை.

“தூக்குற ஆள்ட பேச்சக் கேளுங்க தம்பி,” என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அதனால்தான் அடுத்ததைச் சொன்னேனோ, உண்மையான அன்பில் சொன்னேனோ, இரண்டும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும்.

“நான் தூக்குறேன் அண்ணி. விடிய இறக்கிக் குடுத்துட்டு, பின்னேரம் வந்து ஏத்திடுறேன். உங்களுக்கு என்ன கவல?”

அண்ணி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நானாவிடம், “பெரிசையே கட்டுங்க நானா,” என்றார்.

இன்ஜின் அருமையான இன்ஜின். முதல் நாளே படகின் மூக்கு தண்ணீரிலிருந்து எழும்பியது. தூரத்து வலைக்குப் போய் வர முன்பு ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. பின்னேரங்களில் நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறுவேன், அண்ணி பின்னால் மீன் பையோடு வருவார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கும் பெண்கள், இப்படி ஒரு கொழுந்தன் யாருக்குக் கிடைப்பான் என்று அண்ணியைக் கேலி செய்வார்கள். எனக்குத் தலைகால் புரியாது. பத்து வாரம் அப்படி நடந்தேன். பதினோராவது வாரத்தில் கொழும்பில் ஒரு கராஜிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

போகட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கேட்டேன். போயிட்டு வாங்க தம்பி என்றார். மேல் லயத்தில் இருந்த ஒருவரை இன்ஜின் தூக்க ஏற்பாடு செய்துவிட்டு, பெரிய கடமையை முடித்தவனாக ரயில் ஏறினேன்.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. மீனுக்காகத் தூக்கினார். அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் படகு இறங்கவில்லை. வீட்டில் விசேஷம் என்றாலும் இறங்கவில்லை. வலையில் விழுந்த மீன் தண்ணீரிலேயே வெளுத்துப் போனது. ஒரு காலையில் அண்ணி தனியாகவே இன்ஜினைக் கட்டித் தூக்கிப் பார்த்திருக்கிறார். பாதி வழியில் முடியாமல், சாக்கின் மேல் கிடத்தி மீதிப் பாதை முழுக்க இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்ஜினின் அடியில் நீண்டிருக்கிற தகடு கல்லில் பட்டு நுனி உடைந்தது. பழுது பார்க்கிற அளவுக்குப் பெரிய உடைசல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாகத் தூக்க முயலவில்லை. நாலைந்து மாதம் போன பிறகு அந்த ஆள், எப்படியும் நான்தானே வருகிறேன், நானே ஓட்டி மீனில் பங்கு தருகிறேன் என்றார். மறு வருடம் சங்கத்துப் புத்தகத்தில் அண்ணியின் பெயர் இருந்த இடத்தில் அவருடைய பெயர் ஏறியது. இதெல்லாம் எனக்குப் போனில் துண்டு துண்டாக வந்த செய்திகள். ஒவ்வொரு முறையும், அடுத்த லீவில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அண்ணி மறுபடியும் செக்ரோலில் பெயர் எழுதிக்கொண்டார். இந்த வருடம் சித்திரைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தார். இப்போது கூடை இல்லை, நைலோன் பைதான். மழைக்குப் போர்த்துகிற கொங்காணியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கீழே தண்ணீரில் அந்தப் படகு போகிற சத்தம் கேட்டது. நான் தேர்ந்தெடுத்த இன்ஜின் என்பதால் சத்தம் எனக்குத் தெரியும், இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் அவரை அந்தச் சத்தத்தைக் கேட்க விடாமல் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது அதற்கு நேர்மாறாக இருந்தது.

அன்றைக்கு ஏழாவது படியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதே அண்ணி, பிறகு எதற்காக என் பேச்சைக் கேட்டீர்கள் என்று கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணி தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

“அதுவரைக்கும் எனக்காக ஒரு சாமான யாருமே தூக்குறேன்னு சொன்னதில்ல தம்பி,” என்றார். “கேக்க நல்லா இருந்துச்சு.”