மழைக்குள் பேசிய பெண்

தேவிகாவின் அப்பா மில்லில் இரவு வேலை பார்த்தவர். பகலெல்லாம் அவர் தூங்குவார் என்பதால் அரியக்குடி வீட்டில் மற்றவர்கள் அடிக்குரலில் பேசியே பழகினார்கள். அந்த அடிக்குரல்தான் பின்னாளில் தேவிகாவுக்குச் சோறு போட்டது. காரைக்குடியில் ஒரு பண்பலை வானொலியின் மதிய நிகழ்ச்சி அவளுடையது. நேயர்கள் போனில் வீட்டுக்கதை சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவளைப் போல மெல்ல நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுவாள்.

அப்போதுதான் மீட்டர் வந்தது. முன்பு வீடு வீடாக ஆள் போய், எந்த நிகழ்ச்சி கேட்டீர்கள் என்று விசாரிப்பது வழக்கம். இப்போது தேர்ந்தெடுத்த சில நேயர்கள் ஒரு சின்னக் கருவியைக் கூடவே வைத்திருந்தார்கள். ஒலிபரப்புக்குள் காதுக்கு எட்டாத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்புவார்கள். கருவி அதைப் பிடித்தால் அந்த நேயர் கேட்டார் என்று அர்த்தம்.

முதல் கணக்கு வந்ததும் மேலாளர் அழகுசுந்தரம் அவளைக் கூப்பிட்டார்.

"பாட்டு ஓடுறப்ப கூட்டம் இருக்கும்மா. நீங்க வாயத் தெறந்தா ஒரு ஆளு இல்ல."

"போன் மேல போன் வருதே சார்?"

"வருது. மீட்டருக்கு நீங்க கேக்கல. அந்த அடையாளம் சத்தத்துக்குள்ளதான் ஒளிஞ்சு போகுமாம். உங்க குரல்ல அதுக்கு எடமில்லையாம்."

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவள் பேசும்போது அடியில் சன்னமான இரைச்சல் ஒன்றைக் கலந்தார்கள், தூரத்து மழையைப் போல. அடுத்த கணக்கில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அழகுசுந்தரம் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தார்.

அந்த வாரமே கொத்தமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஈஸ்வரி நிகழ்ச்சிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒங்க பக்கத்துல யாரு இருக்காக?"

"நான் மட்டுந்தான்."

"இல்லக்கா. மழைக்குள்ள ஒரு பொம்பள பேசுது. நீங்க சொல்லப்போறத முன்னாடியே சொல்லிப்புடுது."

தேவிகா சிரித்துச் சமாளித்துப் பாட்டைப் போட்டாள். மறுநாள் வேறு ஊர்களிலிருந்தும் அதையே கேட்டார்கள். ஒலிப்பதிவாளர் மெய்யநாதன் ஹெட்போனை மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு இரைச்சல் மட்டுமே கேட்டது.

ஒரு நாள் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்துகொடுத்துவிட்டு, தேவிகா ஈஸ்வரியின் கடைக்கே போனாள். ரேடியோவில் அவள் குரல் தொடங்கியது. ஈஸ்வரி மிஷினை நிறுத்தினாள். முதலில் மழை. பிறகு அதன் அடியில், தேவிகாவின் குரலைவிடத் தணிந்து இன்னொரு குரல். தேவிகா பதிவு செய்திருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் அது ஒரு மூச்சு முந்திச் சொல்லிக்கொண்டே வந்தது. பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்று, அந்தக் குரல் தானாகவே சொன்னது:

"ஈஸ்வரி, அக்காவுக்கு வேத்துக் கொட்டுது பாரு. தண்ணி குடு."

தேவிகாவின் பதிவில் அந்த வரியே இல்லை.

ஈஸ்வரி சாதாரணமாக எழுந்து சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். "எனக்குப் பழகிப்போச்சுக்கா. பாபின்ல நூல் தீரப்போனாக்கூட சொல்லும். எம்புட்டு ஒத்தாசை தெரியுமா!"

மறுநாள் தேவிகா அழகுசுந்தரத்திடம் போய் நின்றாள்.

"அந்த இரைச்சல எடுத்துருங்க சார்."

"எடுத்தா மீட்டர்ல நீங்க இல்லம்மா."

"இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

அவர் எடுக்கவில்லை. அவள் மைக் முன்னால் உட்காரவும் இல்லை. கொஞ்ச நாளில் அவளை விளம்பரம் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். மதியத்தில் இப்போது பாட்டுகள் மட்டும்தான். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மீட்டர் விட்டுப்போகாமலிருக்க அந்த மழையை ஓட விடுகிறார்கள். எல்லா நிகழ்ச்சிகளையும்விட அதற்குத்தான் ஆட்கள் அதிகம் என்று கணக்கு சொல்கிறது.

போன வாரம் அலுவலகப் போனைத் தேவிகா எடுத்தாள். கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு பெரியவர்.

"மத்தியானம் பேசுறாகளே, அவுக பேரு என்னம்மா?"

"யாரும் பேசலீங்களே. பாட்டு மட்டுந்தான்."

"நல்லாருக்கே! நீங்க தேவிகாதான? ஒங்கள தெனமும் விசாரிக்கிறாகளே, ஏன் வரலைன்னு."

அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து மதியமானால், அலுவலக ஸ்பீக்கரில் அந்த மழை தொடங்கும் முன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.