மூன்றாம் பெஞ்சுக்கும் நான்காம் பெஞ்சுக்கும் நடுவே

“கதவா? எதுக்கு மச்சான் கதவு? ஊசி நுழையாத இடம்னு ஒண்ண நீங்க இதுவரைக்கும் கட்டினதில்ல, இனிமேலும் கட்டப் போறதில்ல. நான் இருக்கிற வரைக்கும் இந்தப் படகுக்குக் கதவே தேவையில்ல!”

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், புதுப் படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, படகுத்துறையில் நாற்பது பேர் கூடியிருக்க, பதினேழாம் நம்பர் ஸ்பேனரைச் செங்கோல் மாதிரி உயர்த்திக்கொண்டு டீசல் மெக்கானிக் ஊசி வெளியிட்ட பிரகடனம் இது. நாற்பதில் முப்பது பேருக்கு என்ன கதவு, எதற்குக் கதவு என்பதே தெரியாது. இருந்தாலும் கை தட்டினார்கள். ஒரு ஆள் அவ்வளவு சத்தமாகப் பேசினால் கை தட்டுவதுதான் மரியாதை.

படகு கட்டுகிறவருக்கும் எஞ்சின் பார்க்கிறவருக்கும் எந்த ஊரிலும் ஆகாது. கட்டுகிறவர் எஞ்சினை முதலில் உள்ளே இறக்கிவிட்டு, அதைச் சுற்றி டேங்க் வைத்து, பலகை அடித்து, பெஞ்சு போட்டு, பெயின்ட் பூசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அப்புறம் ஒரு போல்ட்டைத் தொட வேண்டுமென்றால் மெக்கானிக் பாம்பாகப் பிறந்திருக்க வேண்டும். இந்தப் படகைக் கட்டிய தச்சர் ஊசியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆகவே அந்தப் பகை வெளியே அலையாமல் குடும்பத்துக்குள்ளேயே சௌகரியமாகக் குடியிருந்தது.

ஆனால் தச்சர் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர். தண்ணீர் பம்ப்புக்கு நேர் மேலே, மூன்றாம் பெஞ்சுக்கும் நான்காம் பெஞ்சுக்கும் நடுவில், தரைப் பலகையில் சின்னதாக ஒரு கதவு வைத்துவிடலாமே என்றார். யோசனை நல்ல யோசனை. நாற்பது பேர் முன்னால் கேட்டதுதான் தப்பு.

அப்போது ஊசி பெயருக்கேற்ற ஆள். காற்று பலமாக அடித்தால் மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வார். படகின் பின்பக்கத்து வாயில் வழியாகத் தலையை விட்டு, எஞ்சினுக்கும் டீசல் டேங்குக்கும் இடையிலுள்ள ஒன்றேகால் அடிச் சந்தில் வழுக்கிக்கொண்டு போய், மறுகோடியில் இருக்கிற பம்ப்பைக் கழற்றி மாட்டிவிட்டு இருபதே நிமிடத்தில் வெளியே வந்து டீ கேட்பார்.

பன்னிரண்டு வருடம் ஓடியது. படகு அப்படியேதான் இருந்தது. ஊசிதான் எல்லாத் திசைகளிலும் முன்னேறினார். பெயரை மட்டும் யாரும் திருத்தவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் ஊசியைத் தேடிக்கொண்டு வந்து, அவர் எதிரிலேயே நின்று, “ஊசி எங்கேங்க?” என்று கேட்பார்கள். அவரோ தன்னிடம் எந்த மாற்றமும் காணவில்லை. “சந்து வருஷா வருஷம் சுருங்குது. மரம் ஊறுதுல்ல, அதான்,” என்று விஞ்ஞான விளக்கம் தருவார். சந்தின் ஒரு பக்கம் இரும்பு எஞ்சின், மறுபக்கம் இரும்பு டேங்க். இரும்பு ஊறுமா என்று கேட்கிற தைரியம் மனைவிக்கு மட்டுமே இருந்தது. அவர் துறையில் டிக்கெட் கொடுக்கிறவர். வேலை நேரத்தில் அனாவசியமாகப் பேச மாட்டார்.

பம்ப்புக்குள்ளே ஒரு ரப்பர் சக்கரம் உண்டு, இம்பெல்லர் என்பார்கள். ஆறு இதழ் வைத்த பூ மாதிரி இருக்கும். அது சுற்றிச் சுற்றி ஆற்றுத் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் இதழ் ஒடியும், தண்ணீர் நிற்கும், எஞ்சின் நடு ஆற்றில் கொதித்து உட்கார்ந்துவிடும்.

போன வருடம் இந்தச் சின்னச் சக்கரத்தை மாற்ற ஊசிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடித்தது. ஒரு ட்ரிப் ரத்தானது. படகுக்குச் சொந்தக்காரியான ஓனரம்மா இந்த வருடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“எட்டு மணி ட்ரிப் முடிஞ்சு பத்து மணிக்கு எஞ்சின் ஆறிடும். பதினொண்ணுக்கு படகு கெளம்பணும். கெளம்பலன்னா எதிர்க்கரை ஒர்க்‌ஷாப்புக்கு மாத்திடுவேன். அங்க ரெண்டு பேர் நல்லா ஒல்லியா இருக்காங்க.”

இந்தப் படகு கை விட்டுப் போனால் ஊசிக்கு மிஞ்சுவது இரண்டு தண்ணீர் மோட்டாரும் யாரும் ஓட்டாத ஒரு ஜெனரேட்டரும்தான். அதைவிடக் கொடுமை, எதிர்க்கரை ஒல்லிகள் அந்தச் சந்தில் புகுந்து வருவதை மனைவி டிக்கெட் கூண்டிலிருந்து தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்று காலை ஊசி சாப்பிடவில்லை.

“ஒரு வேள பட்டினி கெடந்தா பன்னெண்டு வருஷம் எறங்கிடுமாங்க?” என்றார் மனைவி.

“வேலைக்கு முன்னாடி வயிறு லேசா இருக்கணும்.”

“வயிறு லேசா இருக்கணும்னுதான் நானும் சொல்றேன்.”

பத்து அடித்தது. பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தை ஒரு மூடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு, பாட்டிலை வாயிலிலேயே வைத்துவிட்டு, ஊசி தலைகீழாக உள்ளே போனார். தலை போனது, தோள் போனது, இடுப்பு மட்டும் கொஞ்சம் ஆலோசித்துவிட்டுப் பின்தொடர்ந்தது. தண்ணீர் வால்வை மூடி, ஆறு திருகுகளைக் கழற்றி, பழைய சக்கரத்தை உருவினார். மூன்று இதழ் ஒடிந்திருந்தது. பம்ப்புக்குள் துழாவியதில் இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவதைக் காணோம். டார்ச்சை எடுக்க நினைத்துப் பின்னால் நகர்ந்தபோதுதான் ஒரு செய்தி தெரிந்தது. பின்னால் நகர முடியவில்லை. முன்னாலும் முடியவில்லை.

ஊசி பதறவில்லை. வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு மனிதன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே வேலையைத் தொடர்ந்தார்.

பத்தரைக்குப் பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். அக்கரைக்கு வேலைக்குப் போகிற தச்சரும் கருவிப் பையோடு வந்தார். வாயிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு நேராக மூன்றாம் பெஞ்சுக்கும் நான்காம் பெஞ்சுக்கும் நடுவில் போய்க் குந்தினார்.

“மாப்ளே, மாட்டிக்கிட்டீங்களா?”

“வேலையா இருக்கேன் மச்சான்,” என்றது தரை.

“காலு ரெண்டும் அசையவே இல்லையே?”

“காலுக்கு இங்க என்ன வேலை?”

“கதவு வேணுமா மாப்ளே?”

“வேணாம்!”

பன்னிரண்டு வருடம் ஆறப்போட்டு, சரியான நேரம் பார்த்துக் குத்திக்காட்டுகிறாரே என்று ஊசிக்கு இருட்டில் மூக்கு சிவந்தது.

பயணிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டேங்கை அறுக்கலாம் என்றார் ஒருவர். குடைக்காரர் ஒருவர், காலில் கயிற்றைக் கட்டி இன்னொரு படகை விட்டு இழுக்கலாம் என்றார். கயிறு தன் வீட்டிலேயே இருப்பதாகவும் சொன்னார். தச்சர் மட்டும் எழுந்திருக்காமல், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டு, “கதவு வேணுமா மாப்ளே?” என்று இரண்டாம் முறை கேட்டார்.

“மச்சான், மேல இருந்து பேசறது ரொம்ப சுலபம்!”

பத்தேமுக்காலுக்கு ஓனரம்மா வந்தார். பாதங்களைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டார்.

“என்னய்யா, ஆச்சா?”

“ஒரு துண்டு வரலம்மா.”

“துண்டு கெடக்கட்டும், முதல்ல நீ வெளிய வா. இழுங்கப்பா இவர!”

“தொடாதீங்க!” என்று தரை அலறியது. பிறகு, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், “துண்டு குழாயில கெடந்தா பாதி ஆத்துல எஞ்சின் கொதிச்சிடும்மா. மேல நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. நான் வெளிய வர்றது அப்புறம். அது வெளிய வரணும்,” என்றது.

ஓனரம்மா கைபேசியை எடுத்தார். எதிர்க்கரை நம்பரைத் தேடினார். அழுத்தாமல் நின்றார்.

உள்ளே ஊசி குழாயைக் கழற்றி, அதன் வளைவில் சுண்டு விரலை விட்டு நெம்பியபோது துண்டு வந்தது. மூன்று துண்டுகளையும் பழைய சக்கரத்தில் உடைந்த தட்டைப் பொருத்துவது போலப் பொருத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. புதுச் சக்கரத்துக்குச் சோப்புத் தடவி, சுற்றுகிற திசையிலேயே திருப்பி உள்ளே தள்ளி, மூடி, ஆறு திருகுகளையும் முடுக்கி, குழாயை மாட்டி, வால்வைத் திறந்தார். மணி பத்து ஐம்பது. எஞ்சின் தயார். மெக்கானிக் மட்டும் அதன் உதிரிப் பாகமாக உள்ளேயே இருந்தார்.

“கதவு வேணுமா மாப்ளே?” மூன்றாம் முறை.

“வேணவே வேணாம்!”

அப்போது டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டு மனைவி வந்தார். வாயிலில் மண்டியிட்டு, சோப்புப் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

“ஏங்க, இருபது வருஷமா சாப்பிட உக்காரும்போதெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தீங்களே. ரப்பர் சக்கரம் இறுக்கமா இருந்தா என்ன செய்யணும்?”

“சோப்பு போடணும்.”

“எவ்வளவு?”

“தாராளமா.”

பாட்டில் முழுவதும் ஊசியின் இடுப்பைச் சுற்றிக் காலியானது.

“இழுக்கலாமா?”

“இழுக்கவே கூடாது. சுத்துற தெசையில திருப்பணும்.”

“எந்தப் பக்கம் சுத்தும்?”

“...இடது பக்கம்.”

“மூச்ச வெளிய விடுங்க. அண்ணே, நீங்க ஒரு காலப் பிடிங்க. குடைக்காரரே, நீங்க ஒண்ணு. இடது பக்கமா, மெதுவா!”

பாட்டில் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நுரையும் கிரீஸுமாக ஊசி வெளியே வந்தார். எழுந்து நின்றதும் முதல் வேலையாக எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது, முதலில் சில குமிழிகளோடு. மணி பத்து ஐம்பத்தெட்டு.

ஓனரம்மா கைபேசியைப் பைக்குள் போட்டார். “எதிர்க்கரைக்காரங்க ஒல்லிதான். ஆனா துண்ட எண்ணிப் பார்ப்பாங்களான்னு தெரியல. நீங்களே பாருங்க. அடுத்த வருஷமும் இப்படித்தானா?”

ஊசி ஸ்பேனரை உயர்த்தினார். “இப்படியேதாம்மா. ஊசிக்குக் கதவு எதுக்கு?”

நாற்பது பேரும் கை தட்டினார்கள். தச்சர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்கு வார விடுமுறை வந்தது. செய்தித்தாளில் எதையோ நீளமாகச் சுற்றிக்கொண்டு ஊசி வீட்டிலிருந்து கிளம்பினார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“முடி வெட்டிக்க.”

மனைவி அவர் தலையைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். “பாத்து வெட்டுங்க,” என்றார்.

துறையில் ஒருவரும் இல்லை. மூன்றாம் பெஞ்சுக்கும் நான்காம் பெஞ்சுக்கும் நடுவில் ஊசி மண்டியிட்டு, ரம்பம், கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் பிரித்து வைத்தார். அளவு போட வேண்டி, பன்னிரண்டு பூச்சு பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டினார். பலகையில் ஒரு நேர்கோடு தெரிந்தது. கோட்டைத் தொடர்ந்து சுரண்டினார். அது ஒரு மூலையில் திரும்பியது. பிறகு இன்னொரு மூலை. நான்கு மூலையிலும் மக்குப் பசை வைத்து மூடிய நான்கு திருகுகள்.

ரம்பத்துக்கு வேலையில்லை. திருகுகளைக் கழற்றி நெம்பியதும் பலகை முனகாமல் எழுந்தது. கீழே, ஒரு முழம் தூரத்தில், பளபளவென்று பம்ப். பலகையின் அடிப்பக்கத்தில் தச்சரின் தட்டைப் பென்சிலால், படகு இறக்கிய தேதியோடு எழுதியிருந்தது: “மாப்ளைக்கு எப்போ வேணுமோ அப்போ.”

கதவு வேணுமா என்று மூன்று முறை கேட்டவர் குத்திக்காட்டவில்லை, கேள்விதான் கேட்டிருக்கிறார்.

ஊசி சட்டைக் கையைச் சுருட்டினார். பிறகு கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போனாலே போதுமாயிருந்தது; வயிறு மேலே தன்பாட்டுக்கு ஓய்வெடுத்தது. தலைகீழாகக் கிடந்து முடுக்கியதில் ஒரு திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. அதை முடுக்கினார். கதவுக்குக் கீல் அடித்தார். கைப்பிடியை வைத்து இரண்டு திருகு போட்டார். மூடினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு தடவை திறந்தார்.