மணைப்பலகையில் ஒரு கீறல்

எங்கள் மாமா ஓசூரில் ஒரு வார்ப்புக் கம்பெனியில், பேட்டர்ன் ஷாப்பில் வேலை செய்தார். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து அச்செடுப்பார்கள். மரத்தில் மயிரளவு கீறல் இருந்தாலும் அது இரும்பிலும் வந்து நிற்கும். அதனால் கீறல் அடைப்பது மாமாவின் அன்றாடப் பிழைப்பு. அப்பேர்ப்பட்ட ஆளால் அக்காவின் கல்யாண மணைப்பலகையில் விழுந்த ஒரு விரல் நீளக் கீறலை அடைக்க முடியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் பக்கம் பெண் உட்காரும் மணையைத் தாய்மாமன் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மாமா தானே செய்தார். பலாப்பலகை, அடியில் நாலு குட்டிக் கால். சாக்கில் சுற்றி, சூளகிரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் ஓரத்தில் கீறல். பலகை சரியாகக் காயவில்லை என்றார்.

அத்தை விடவில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவளே அவள்தான். மாப்பிள்ளைக்கும் ஓசூரில்தான் வேலை, ஆனால் பர்மனென்ட். அந்த வார்த்தையை அத்தை சாமி பேரைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா டெம்பரரி. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"வெடிச்ச மணையில பொண்ணை உக்கார வெச்சா குடும்பம் வெளங்குமா? என்னா தம்பி வேலை இது? கம்பெனியிலயும் இப்படித்தான் செய்யறியா, அதான் உன்னைப் பர்மனென்ட் பண்ணாம வெச்சிருக்கானுங்களா?"

"அடைச்சுத் தர்றன்" என்றார் மாமா.

அப்பாவும் பக்கத்தில் நின்றார். "பாத்துச் செய் தம்பி" என்றார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா அவரை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அக்காவுக்கு மாப்பிள்ளை பேசியதிலிருந்து 'தம்பி' ஆகிவிட்டது. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். "போய்த் தக்காளிய பொறுக்கு, போ" என்றாள். ராயக்கோட்டை மண்டிக்குப் போகவேண்டிய தக்காளி வாசலில் கொட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் தக்காளிதான் பதில்.

மாமா கீறலை மெழுகு வைத்து அடைத்தார். கம்பெனியில் அப்படித்தான் செய்வார்களாம். மேலே நன்றாகத் தேய்த்து, பார்த்தால் தெரியாதபடி செய்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் அக்கா அந்த மணையை எடுத்து வெயிலில் வைத்தாள். காயட்டும் என்றாள். சாயங்காலம் மெழுகு உருகி வழிந்து, கீறல் பழையபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சூளகிரி வெயிலில் மெழுகு உருகும் என்று எனக்கே தெரியும். என்னைவிடப் பத்து வயது பெரியவளுக்குத் தெரியாதா? பேட்டர்ன் ஷாப்காரருக்குத் தெரியாதா?

ஆள் விட்டுச் சொன்னதும் அடுத்த லீவு நாளில் மாமா வந்தார். இந்த முறை மரத்தூளை மைதாப் பசையில் குழைத்து அடைத்தார். நானே அருகில் உட்கார்ந்து தூள் சலித்துக் கொடுத்தேன். வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றினால்தான் மரம் பிடிக்கும் என்று அவரே ஒரு காலத்தில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டேன். "இது போதும்" என்றார். அவர் போனதும் அக்கா மணையைத் தொட்டியடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். கல்யாணச் சாமானில் தூசி இருக்கக் கூடாதாம். பசை கரைந்து போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா செஞ்சதையெல்லாம் நீதான் கெடுக்கற" என்று கத்தினேன்.

அக்கா என் வாயைப் பொத்தினாள். "கத்தாதம்மே. அவரு மறுபடி வருவாரு" என்றாள். வருவார்தான். வந்து அத்தையிடம் திட்டு வாங்குவார். அதில் இவளுக்கு என்ன லாபம்?

எங்கள் பக்கம் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது வழக்கம். பக்கத்து வீட்டிலேயே அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். அதையும் இந்தக் கீறலையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

கல்யாணம் நெருங்கியதும் அத்தை முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகலன்னா கடையில ஒண்ணு வாங்கிக்கலாம். தம்பி இனி பஸ்சுக்கு அலைய வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் மணைப் பக்கம் போகவில்லை. நேராக மோட்டார் ரூமுக்குப் போய் அப்பாவோடு பேசினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தலையை ஆட்டியது மட்டும் தெரிந்தது, இல்லை என்கிற மாதிரி. பிறகு மாமா வந்து மணையை மடியில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பாகிட்ட பேசினியா மாமா?"

"பேசினன்."

"என்னா சொன்னாரு?"

மாமா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். பலகையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நிக்கற மாதிரி ஒட்டிடட்டுமா?"

எந்தத் தச்சராவது இப்படிக் கேட்பாரா? ஒட்ட வந்தவர் ஒட்ட வேண்டியதுதானே. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தன் தம்பி முகத்தையும் பார்க்காமல், மகள் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"ஒட்டிடு" என்றாள் அக்கா.

அன்றைக்கு மாமா செய்த வேலையை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். கீறலை உளியால் சுத்தமாகச் சீவினார். மிச்சம் வைத்திருந்த அதே பலாக்கட்டையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்று எடுத்து, மரத்தின் ரேகையோடு ரேகை சேரும்படி வைத்துப் பார்த்தார். வச்சிரத்தைக் காய்ச்சி ஊற்றி, சீவலை இறக்கி, இறுக்கிக் கட்டினார். அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார். காலையில் கட்டைப் பிரித்து, இழைத்து, உப்புத்தாள் போட்டார். கீறல் இருந்த இடமே இல்லை. இந்த வித்தையை முதல் நாளே காட்டியிருந்தால் அத்தையிடம் அத்தனை பேச்சு வாங்கியிருக்க வேண்டாமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா இந்த முறை மணையை வெயிலில் வைக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. கல்யாணம் வரைக்கும் மாமாவும் வரவில்லை.

மண்டபத்தில் தாய்மாமன் முறைக்கு மாமாதான் அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். நான் மணைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அத்தைக்குக் கேட்கட்டும் என்று, "கீறல் எங்க இருக்குதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உட்காரப் போன அக்கா குனிந்து, சரியாக அந்த ஓரத்தை விரலால் தடவினாள். அவள் இன்னும் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"இனிமே பிரியாதுக்கா. மாமா நல்லா ஒட்டிட்டாரு" என்றேன்.

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். மாமா அவள் கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நல்ல சேதி சொன்ன என்னை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணச் சாப்பாடு முடிகிறவரை அவர்கள் இருவர் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை.